அசனத்துக்கு வைத்த அரிசி

தேவாலாவில் ஆனி பிறந்துவிட்டால் மழைக்கு வேறு வேலை கிடையாது. விடிந்தும் பெய்யும், பொழுது சாய்ந்தும் பெய்யும். நடுவில் கொஞ்சம் விட்டால், அட்டைகள் ஊர்ந்து வந்து காலைப் பிடிக்க நேரம் கொடுக்கிறது என்று அர்த்தம். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் துணி காயாது, விறகு பிடிக்காது, சுவரில் கை வைத்தால் கை நனையும். அந்த மழையிலும் தனபாக்கியத்தின் வீட்டில் ஐந்து மணிக்கெல்லாம் உலை கொதித்துக்கொண்டிருக்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. பெருமை பாவம் என்று பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவளே பேசியிருக்கிறாள். இந்தப் பெருமை அதில் சேராது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அரிசி களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்பு மேடையில் இருக்கும் பால்பவுடர் டப்பாவில் போடுவாள். போடும்போது வாய் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லும். கை தன் பாட்டுக்கு அள்ளும், வாய் தன் பாட்டுக்குச் சொல்லும். மனசு மட்டும், இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து வெட்ட விடுவார்கள், கத்தரிக்குச் சாணை பிடித்தோமா என்று எஸ்டேட்டுக்குள் அலைந்துகொண்டிருக்கும். கைப்பிடி தவறிய நாள் அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லை. சபையில் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள்.

இந்தப் பழக்கம் அவள் அம்மா சிலோனிலிருந்து கொண்டுவந்தது. தனபாக்கியம் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே தோட்டங்களில் பஞ்சம் வந்தது. மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் லயத்தில் சனம் செத்தது. அம்மா, இருந்த அரைவயிற்று அரிசியிலும் ஒரு கைப்பிடியை ஒதுக்கி, பொழுது சாய்ந்ததும் முந்தானையில் முடிந்துகொண்டு, எந்த வீட்டுக் கூரையில் புகை வரவில்லையோ அந்த வீட்டுக்குப் போவாளாம். கப்பலேறி, முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது கைப்பிடி மட்டும் கூடவே வந்தது. புகை வராத வீட்டைத் தேடுகிற பழக்கம் எங்கேயோ கடலில் விழுந்துவிட்டது.

இங்கே கைப்பிடி அரிசி மாதத்தின் முதல் ஞாயிறன்று ஆலயத்துக்குப் போகும். ஆலயம் என்றால் கோபுரமும் மணியுமாக நினைத்துவிட வேண்டாம். லயத்தின் கோடியிலிருந்த மூன்று வீடுகளை எந்தக் காலத்துத் துரையோ சபைக்கு விட்டுக்கொடுத்திருந்தார். இரண்டின் நடுச்சுவரை இடித்து ஆலயமாக்கினார்கள். மூன்றாவது, சாமான் அறை. ஜமுக்காளம், அண்டா, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், அரிசி மூட்டைகள் எல்லாம் அதற்குள். அந்த அறைக்கும் அடுத்த வீட்டு அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர். அந்த அடுத்த வீட்டில் ரோஸ்மேரி இருந்தாள்.

அரிசி அசனத்துக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை சபையார் எல்லாரும் மேல் கீழ் பார்க்காமல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் அசனம். போன வருஷம் மண்சரிவு. அதற்கு முந்தின வருஷம், சமையலுக்கு யாரை வைப்பது என்பதில் சண்டை. இரண்டு தடவையும் அசனம் நடக்கவில்லை. அரிசி மட்டும் வந்துகொண்டே இருந்தது. அறைச் சாவி தனபாக்கியத்தின் இடுப்பில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ரோஸ்மேரி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயது மகள் மனிஷா. நடக்கிற பிள்ளைதான். ஆனால் செருப்பு இல்லை, வழியெல்லாம் அட்டை.

"உள்ள வா புள்ள, சாரல் அடிக்குது."

"இல்லக்கா, ஊடெல்லாம் சேறாயிரும். ஒரு சமாச்சாரம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கோயில் சாமான் ரூம்ல அரிசி கெடக்குதில்ல, அத எடுத்து வேற எங்கயாச்சும் வைங்கக்கா. இல்லாட்டி யாருக்காச்சும் குடுத்துருங்க. ஆனை வாசம் புடிச்சிருச்சு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? முந்தாநேத்து எங்க ஊட்டுப் பின்னாடி வாழை அத்தனையும் மிதிச்சிட்டுப் போயிருக்கு. அந்த ரூம்பு செவுத்துல தும்பிக்கைய வச்சித் தடவிப் பாத்திருக்கு. சேறு அப்பிக் கெடக்கு, வந்து பாருங்க."

"பாரஸ்ட்டுக்குச் சொன்னியா?"

"சொன்னேன். ஜீப்பு வந்து மைக்குல சொல்லிட்டுப் போச்சு, ஊட்ல அரிசி உப்பு வைக்காதீங்கன்னு. எங்க ஊட்ல எங்கக்கா இருக்கு அரிசி?"

அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்கிற காது இருந்திருந்தால் அது சிரிப்பில்லை என்று தெரிந்திருக்கும். அவள் புருஷன் தினகரன் பனியன் கம்பெனிக்கு என்று திருப்பூர் போனவன், தை மாதத்திலிருந்து போனை எடுப்பதில்லை. ரேஷன் கார்டும் அவனோடு போய்விட்டது. ரோஸ்மேரிக்கு எஸ்டேட்டில் டெம்பரவரி வேலைதான். மழைக்காலத்தில் டெம்பரவரி ஆட்களைக் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் தனபாக்கியத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை. வாராவாரம் ஜெபத்தில் வரிசையாகச் சொல்கிறவளே அவள்தான்.

"அது அசனத்து அரிசி புள்ள. நா ஒருத்தியா முடிவெடுக்க ஏலாது. மொத ஞாயித்துக்கெழம ஆயர் ஐயா வருவாரு, கேட்டுச் சொல்றேன்."

"அதுக்குள்ள வந்திருச்சின்னா?"

"கர்த்தரோட ஊடு. இத்தன வருசத்துல ஒரு ஓடு ஒடஞ்சிருக்கா? பயப்படாத. நா ஜெபம் பண்றேன்."

பிள்ளை தனபாக்கியத்தின் தோளுக்கு மேலே, உள்ளே சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் புள்ள, ஈஸ்டருக்கு அப்புறம் கோயில் பக்கமே காணோமே நீ?"

"மாத்துச் சேலை காயலக்கா."

சாக்கு என்று தனபாக்கியம் நினைத்தாள். ஆனியில் சேலை காயாது என்பது புதுச் செய்தியா என்ன? மாற்றுச் சேலை ஒன்றே ஒன்றுதான் என்பது செய்தி. அது அவள் காதில் ஏறவில்லை. டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் மனசு நிறைந்துபோயிற்று. கதவைச் சாத்தினாள்.

அன்று பொழுது சாய, ஃபேக்டரியில் பாய்லர் வேலை முடிந்து வந்த புருஷனிடம் இதைச் சொன்னாள். ஏகநாதன் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவர். பேரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் மட்டும் ஆலயத்துக்கு வருவார். அசனம் நின்ற பிறகு அதிலும் ஒன்று குறைந்துபோயிற்று.

"அந்தப் பொண்ணு சொல்றதுல என்ன தப்பு? அவகிட்டயே ஒரு மூட்டையத் தூக்கிக் குடுத்துட்டு வா. ஆனைக்கும் வேலையில்ல, அவளுக்கும் அடுப்பு எரியும்."

"சபைக் காரியத்துல நீங்க தலையிடாதீங்க. ஆண்டவருக்குன்னு குடுத்தது."

"ஆண்டவரு எப்ப வந்து திங்கப் போறாரு?"

"வாயக் கழுவுங்க."

அவர் வாயைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தனபாக்கியம் அன்றைக்கு அவருடைய இரட்சிப்புக்காகவும் சேர்த்து ஜெபம் பண்ணினாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் அவள் வீட்டில். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெண்கள் முக்காடு போட்டு முழங்காலில் நின்றார்கள். தனபாக்கியம் ஜெபிக்க ஆரம்பித்தால் தனி அழகு. வார்த்தை தேட மாட்டாள். கொழுந்து வெட்டுகிற கத்தரி மாதிரி ஒரே சீராக வந்துகொண்டே இருக்கும்.

"ஆண்டவரே, எங்க மகள் ரோஸ்மேரிய உம்ம கரத்துல ஒப்புக்குடுக்கறோம். அவ குறைவுகள நிறைவாக்கும். அவ ஊட்டச் சுத்தி அக்கினி மதிலா நில்லும்..."

குரல் உடைந்தது. கண்ணீர் நிஜமாகவே வந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலிருந்த சாந்தாமணி விசும்பியபடி ஆமென் சொன்னாள். அந்த ஆமென் முடிவதற்குள் லயத்தின் கோடியில் ஏதோ இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பிள்ளை வீறிட்டது.

ஆண்களும் பெண்களும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது மழை. அப்புறம் யானையின் பின்பக்கம். சாமான் அறையின் வெளிச்சுவரைத் தள்ளிவிட்டு, தலையை உள்ளே விட்டு, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. தகரத்தைத் தட்டினார்கள். காதை ஆட்டியது, அவ்வளவுதான். வெடி நமுத்துப்போய் ஒன்றும் பற்றவில்லை. உள்ளே மனிஷா அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ரோஸ்மேரியின் சத்தம் இல்லை. தனபாக்கியம் சேற்றில் நின்றபடி "இயேசுவே, இயேசுவே" என்றாள். அதற்குமேல் அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வார்த்தை அவளைக் கைவிட்டது அதுதான் முதல் தடவை.

ஏகநாதனும் ஃபேக்டரி ஆட்களும் சாக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்து கத்தினார்கள். யானை ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று.

நடுச்சுவர் முழுசாக ரோஸ்மேரியின் அடுப்படிப் பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளை கட்டிலுக்கு அடியில். தாய் செங்கல்லுக்கு அடியில். இழுத்து வெளியே போட்டபோது மூச்சு இருந்தது, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. ஜீப்பில் கூடலூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஊட்டிக்கு. கவிழ்ந்து கிடந்த பானையை ஏகநாதன் காலால் திருப்பிப் பார்த்தார். வெறும் சேம்பு இலை, உப்பில்லாமல் வெந்தது. அவர் அதைப் பெண்சாதியிடம் சொல்லவில்லை. அவளும் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் சபைப் பெண்கள் கூட்டிப் பெருக்க வந்தார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி தனபாக்கியத்திடம் இருந்தது, சுவர்தான் இல்லை. ஆலயப் பக்கம் ஒரு கீறல் கிடையாது. பீடத்து விரிப்புகூடக் கலையவில்லை.

"பாத்தீங்களாக்கா," என்றாள் சாந்தாமணி. "ஆண்டவர் தம்ம ஊட்ட எப்படிக் காத்திருக்காரு! ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லணும்."

தனபாக்கியம் அரிசியை வாரிக்கொண்டிருந்தாள். மேல்மூட்டைகளை யானை தின்றிருந்தது. அடிமூட்டையைக் கிழித்து, முகர்ந்து பார்த்து, உதறிவிட்டுப் போயிருந்தது. முறத்தில் அள்ளியபோது ஏன் என்று தெரிந்தது. அரிசி கட்டிகட்டியாகப் பச்சை பிடித்து, நூல் கோத்து, புழு நெளிந்தது. கோழியும் கொத்தாது. வனாந்தரத்தில் ஆண்டவர் அன்றன்றைக்கு வானத்திலிருந்து பொழிந்த மன்னாவை மறுநாளைக்கென்று எடுத்து வைக்க, அது புழுத்துப்போன கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை மனிஷாவைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினாள். பிள்ளை மூன்று நாளாக அவள் வீட்டில்தான். சோறு போட்டால் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி சாப்பிட்டது. பஸ்ஸில் எதிர்ப்பக்கம் யாராவது டிபன் திறந்தால் அந்தப் பக்கமே பார்த்தது.

பெண்கள் வார்டில் ரோஸ்மேரி காலில் கட்டும் எடையுமாகப் படுத்திருந்தாள். இடுப்பெலும்பும் தொடையும். நடப்பாளா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். மகளைப் பக்கத்தில் படுக்க வைத்து, தலைமுடிக்குள் கைவிட்டுக் கோதிக்கொண்டே இருந்தாள். தனபாக்கியம் கொண்டுவந்த கஞ்சியைத் திறந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரியாதபோது வருகிற வார்த்தை வந்துவிட்டது.

"ஒனக்காக ராத்திரி பகலா ஜெபம் பண்றேன் புள்ள."

"வேணாங்கக்கா."

"என்ன புள்ள வேணாம்?"

"அத மட்டும் சொல்லாதீங்க. அன்னைக்கும் அதத்தான் சொன்னீங்க. சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டீங்க. நா ஒங்க வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு இருந்தேன். சோறு வடிக்கிற வாசம் வந்துச்சு. பாப்பா, அந்தம்மா மறுபடி தொறப்பாங்களாம்மான்னு கேட்டுச்சு."

தனபாக்கியம் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனே புள்ள! நானா இல்லன்னு சொல்லப் போறேன்?"

ரோஸ்மேரி கூரையைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"கேட்டேனேக்கா. யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு கேட்டேனே."

திரும்பி வருகிற பஸ்ஸில் நடுவட்டம் இறக்கம் முழுக்கப் பனி. தனபாக்கியம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். "கேட்டேனேக்கா" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்குமேல் அவளால் ஒன்றும் ஜெபிக்க முடியவில்லை.

மறுநாள் முதல் ஞாயிறு. ஆயர் மழைக்கோட்டும் பூட்ஸுமாக பைக்கில் வந்து இறங்கினார். ஐந்து எஸ்டேட்டுக்கு ஒரு ஆயர். பாவம், அவருக்கும் முதுகுவலி. இடிந்த அறையை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, பீடம் பிழைத்ததற்கு நன்றி செலுத்துவோம் என்றார். ரோஸ்மேரியின் சுகத்துக்காக விசேஷக் காணிக்கை எடுப்பதாகவும் அறிவித்தார். பிறகு வழக்கம்போல, "தனபாக்கியம் அம்மா, ஸ்தோத்திர ஜெபம் பண்ணுங்க" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். கடைசி பெஞ்சில், மனிஷாவை மடியில் வைத்துக்கொண்டு ஏகநாதன் உட்கார்ந்திருந்தார்.

"கிருபையும் இரக்கமும் உள்ள எங்கள் பரம தகப்பனே, இந்தக் காலை வேளைக்காக..." வாய் அதன் பாட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சபை கண்ணைத் திறந்து பார்த்தது.

"ஐயா, என்னால ஏலாது. அந்தப் புள்ள முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னிச்சு. ஆனை வாசம் புடிச்சிருச்சு, அரிசிய எடுத்து யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு. சாவி என் இடுப்புல இருந்துச்சு. நா ஜெபம் பண்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன். பண்ணவும் பண்ணினேன். அவ தலைக்கு மேல செவுரு விழுந்தப்பக்கூட அவளுக்காகத்தான் ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். அவ அடுப்புல சேம்பு இலை வெந்துட்டு இருந்துச்சு. செவுத்துக்கு இந்தப் பக்கம் நம்ம அரிசி புழுத்துட்டு இருந்துச்சு."

யாரோ இருமினார்கள். ஆயர் வேதப்புத்தகத்தின் நாடாவைச் சரிசெய்தார். சாந்தாமணி எழுந்து வந்து தோளைப் பிடித்தாள்.

"அழுவாதீங்கக்கா. உக்காருங்க. ஆண்டவர் மன்னிப்பாரு."

"அத அவரு பாத்துக்குவாரு. நீ இதச் சொல்லு. இந்த லயத்துல இன்னைக்கு யாரு ஊட்ல அரிசி இல்ல?"

சாந்தாமணி விழித்தாள். தனபாக்கியம் சபையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் நல்ல சனங்கள்தான். தவறாமல் கைப்பிடி கொண்டுவருகிறவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அந்த வெட்கத்தோடு உட்கார்ந்தாள். ஆயர் ஒரு பாட்டு நம்பரைச் சொன்னார். வெளியே வரும்போது இரண்டு பேர் அவளிடம் பேசாமல் போனார்கள். நடத்துகிறவளே இப்படிச் சொன்னால் சபையைப் பற்றி வெளியே என்ன நினைப்பார்கள் என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடியலில் மழை விடவில்லை. தனபாக்கியம் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். கை அள்ளியது. வாய் "ஸ்தோ..." என்று தொடங்கி நின்றுவிட்டது. கையை விரித்து விளக்கடியில் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் போட்டதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அது ஒரு பிள்ளைக்குக் காணாது.

கைப்பிடியைப் பானையிலேயே கொட்டிவிட்டு, படியை எடுத்து அளந்து ஒரு பையில் கட்டினாள். தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அம்மா செய்த மாதிரி, கூரைகளைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இப்போது பாதி வீடுகளில் காஸ் அடுப்பு. சோறு வேகிற வீட்டிலும் புகை கிடையாது, வேகாத வீட்டிலும் புகை கிடையாது. போய்க் கதவைத் தட்டினால்தான் தெரியும். அதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிரசங்கம் செய்யக் கூசாதவளுக்கு ஒரு கதவைத் தட்டக் கால் பின்னியது.

முதல் இரண்டு வீடுகளிலும், "என்னக்கா, நேத்து கோயில்ல ஏதோ தகராறாமே?" என்று விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். மூன்றாவது ஆண்டாயியின் வீடு. லயத்துக்குக் கீழே இருக்கிற மாரியம்மனுக்குத் தினமும் விளக்கு வைக்கிற கிழவி. மகன் குடித்துச் செத்த பிறகு தனிக்கட்டை. இத்தனை வருஷம் எதிரெதிர் நடையில் இருந்தும், மகன் செத்த அன்றைக்குத் தவிர தனபாக்கியம் அந்தப் படி ஏறியதில்லை.

கதவு கொஞ்சம்போலத் திறந்தது. ஆண்டாயி அவளைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னா பாக்கியம், காலங்காத்தால? யாரு செத்தது?"

அந்தக் கேள்விக்குக் கிழவியைக் குறை சொல்ல முடியாது. சாவுக்கு மட்டும் வருகிறவளை வேறு என்ன கேட்பாள்?

"யாரும் சாவலக்கா. ஊட்ல அரிசி இருக்கான்னு கேக்க வந்தேன்."

ஆண்டாயி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. திரும்பி, இருட்டாகக் கிடந்த அடுப்படியை ஒரு தடவை பார்த்தாள். தனபாக்கியம் தலைச் சாக்கை வாசலில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, அவள் கூப்பிடாமலேயே அரிசிப் பையோடு உள்ளே போனாள்.